யெவ்கெனி லியோனவ்: கடிதமும் பதிலும்

வணக்கம். எங்கள் திரைப்படச் சங்கத்தில் சோவியத் இயக்குநர் டனேலியாவின் ‘இலையுதிர்கால மாரத்தான்’ திரையிட்டார்கள். காலங்காத்தாலே வோட்கா பாட்டிலோடு வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்தக் குண்டான பக்கத்து வீட்டுக்காரரை மறக்கவே முடியவில்லை. யெவ்கெனி லியோனவ் என்று பெயர் தேடிக் கண்டுபிடித்தேன். இவ்வளவு பெரிய நடிகரைச் சிரிப்பு வேடங்களிலேயே வீணடித்துவிட்டார்களோ? அடுத்து எதைப் பார்க்கலாம்?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

வீணடிக்கவில்லை. லியோனவிடம் சிரிப்பு நடிப்பு, அழுகை நடிப்பு என்று இரண்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே உருண்டை முகம்தான்.

1926இல் மாஸ்கோவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலையில் லேத் வேலை பழகிய பையன். அப்புறம் நாடகம், பல ஆண்டுகள் துண்டு துக்கடா வேடங்கள். 1961இல், கப்பலில் புலிகள் அவிழ்த்துக்கொள்ளும் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. குளியல் தொட்டியில் சோப்பு நுரைக்கு நடுவே புலியைப் பார்த்து அலறி ஓடினார். நாடே அவரைத் தெரிந்துகொண்டது.

அதே இயக்குநர் ஃபெதின், மூன்றே ஆண்டுகளில் அவரை ‘டான் கதை’யில் நடிக்க வைத்தார். ரஷ்ய எழுத்தாளர் ஷோலகவின் கதைகளிலிருந்து எடுத்த படம். ரஷ்ய உள்நாட்டுப் போர், புரட்சி அரசின் செம்படையில் ஷிபாலக் என்ற வீரன். ஸ்டெப்பி புல்வெளியில் கண்டெடுத்த பெண்ணை நேசிக்கிறான். பிள்ளை பெற்ற கையோடு, தான் எதிரிகளின் உளவாளி என்று அவள் சொல்லிவிடுகிறாள். அவன் அவளைச் சுட்டுவிட்டு, பிஞ்சைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். அதில் லியோனவின் கைகளைப் பாருங்கள். துப்பாக்கி பழகிய தடித்த விரல்களுக்குக் குழந்தையை எப்படிப் பிடிப்பதென்றே தெரியவில்லை. புலிப் படத்தில் இதே தடுமாற்றத்துக்குத்தான் சிரித்தோம். இங்கே தொண்டை அடைக்கிறது.

1971இல் வந்த ‘அதிர்ஷ்டத்தின் கனவான்க’ளில் இரட்டை வேடம். பாலர் பள்ளித் தலைவர் ஒருவர், அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கும் திருடனாக நடிக்க வேண்டிவருகிறது. 6.5 கோடி டிக்கெட் விற்ற படம். சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளை ராக்கெட் பயணம் என்று சொல்லி கரண்டி எடுக்க வைக்கிற அதே மனிதர், முரட்டுத் திருடர்களையும் கடைசியில் பிள்ளைகளைப் போலத்தான் மேய்க்கிறார். சோவியத் கார்ட்டூனில் வின்னி பூ கரடிக்குக் குரலும் இவர்தான். குரல் கனமாக இருந்ததால் பதிவை வேகமாக ஓட்டிச் சேர்த்தார்கள்.

நாடகத்தை அவர் விடவேயில்லை. பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சாஃபக்ளீஸின் கிரேயான் மன்னன், செகாவின் இவானவ் என்று மேடையில் கனமான வேடங்கள். 1988இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் மாரடைப்பு வந்து இதயம் நின்றே போனது. பல நாள் கோமா. அப்பாவிடம் பேசிக்கொண்டே இருக்கும்படி மருத்துவர்கள் மகன் அந்த்ரேயிடம் சொன்னார்கள். மகனும் படுக்கையருகே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். லியோனவ் எழுந்தார், அடுத்த ஆண்டே மாஸ்கோவின் லென்காம் நாடக அரங்கில் பால்காரன் தெவ்யேவாக மேடையேறினார். 1994 ஜனவரி 29 அன்று, அதே நாடகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போதுதான் உயிர் பிரிந்தது. அரங்கில் விஷயத்தைச் சொன்னபோது பார்வையாளர்கள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

சரி, அடுத்த படம். ‘பெலருஸ்கி ரயில் நிலையம்’ பாருங்கள், 1971. போரில் ஒன்றாக இருந்த நால்வர், இறந்துபோன தோழனை அடக்கம் செய்யக் கூடுகிறார்கள். கடைசியில் தங்கள் பழைய நர்ஸைத் தேடி அவள் வீட்டுக்குப் போகிறார்கள். அவள் கிதாரை எடுத்துப் பாடத் தொடங்கும்போது, லியோனவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.