யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்கு என்ன அனுப்பலாம்?

நுவரெலியாப் பக்கத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு உங்கள் பழைய மாணவர் சங்கம் என்ன அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசு இலவசமாகத் தருவது. அதில் காசைக் கரைக்க வேண்டாம். பெற்றோரின் கையைக் கடிப்பது கொப்பி, சப்பாத்து, குடை, பஸ் காசு. சப்பாத்தை வயதைப் பார்த்து வாங்கினால் பாதி பொருந்தாது. பிள்ளையின் பாதத்தைத் தாளில் வைத்துக் கோடிழுத்து, பெயரெழுதி அனுப்பும்படி அதிபரிடம் கேளுங்கள்; நுனியில் ஒரு விரலகலம் கூட விட்டு வாங்குங்கள். மழை ஊர், நனைந்தது விடியமுன் காயாது. காலுறை இரண்டு சோடி வேண்டும்.

பல தோட்டப் பள்ளிகள் தரம் 5 உடன் முடிகின்றன. தரம் 6 தூரத்தில். பிள்ளைகள் பலர் இடைவிலகுவது அந்தக் கட்டத்தில்தான். விழா வைக்கும் காசை மாதாமாதம் பஸ் சீசன் ரிக்கற்றுக்குக் கொடுங்கள். படம் எடுத்துப் போட அது உதவாதுதான்.