ஊருக்கு எமர்ஜென்சி மேனேஜர் வந்தால் வீட்டு வரி ஏறுமா?

கேள்வி: டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் இரண்டு வருடம் முன்பு வீடு வாங்கினோம். மனைவிக்கு நகராட்சி அலுவலகத்தில் வேலை. நகராட்சியிடம் காசில்லை, மிச்சிகன் மாநில அரசு எமர்ஜென்சி மேனேஜரை அனுப்பப்போகிறது என்று பேச்சு. வரி ஏறுமா? மனைவியின் பென்ஷன் என்னாகும்? நம் ஊரில் போடும் 'தனி அலுவலர்' மாதிரிதானா இவரும்?

பதில்: தனி அலுவலர் வருவது தேர்தல் நடக்காமல் நாற்காலி காலியாகக் கிடக்கும்போது. மிச்சிகனில் நாற்காலிகள் காலியாவதில்லை. மேயர் இருப்பார், கவுன்சிலர்கள் இருப்பார்கள், அதிகாரம் மட்டும் அவர்களிடம் இருக்காது, மாநிலம் அனுப்பும் மேனேஜரிடம் போய்விடும். அவர்களுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பதுகூட மேனேஜர் கையில்தான்.

இதற்கு ஆதாரம் 2012-ஆம் ஆண்டின் 436-ஆம் எண் சட்டம். முந்தைய ஆண்டு வந்த இதேபோன்ற சட்டத்தை 2012 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த மாதமே ஆளுநர் ரிக் ஸ்னைடர் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார் (இங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி). இந்தமுறை சட்டத்துக்குள்ளேயே ஒரு நிதி ஒதுக்கீட்டைச் செருகிவிட்டார்கள். அப்படிப்பட்ட சட்டத்தை அங்கே மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக முடியாது. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை.

பேச்சு அடிபடுகிறது என்பதற்காக நாளைக்கே ஆள் வந்து இறங்கிவிட மாட்டார். முதலில் மாநிலக் கருவூலம் கணக்கைப் பார்க்கும். பிறகு ஆளுநர் போடும் ஆய்வுக் குழு அறிக்கை தரும். நெருக்கடி உறுதி என்று முடிவானால் கவுன்சிலுக்கு 7 நாள் அவகாசம். அதற்குள் மாநிலத்தோடு உடன்படிக்கை, எமர்ஜென்சி மேனேஜர், நடுவர் வைத்துக் கடன்காரர்களோடு பேச்சு, திவால் மனு என்ற நான்கில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் கவுன்சிலரைப் பிடித்துப் பேச வேண்டிய வாரம் அதுதான்.

சரி, வரி. வாக்காளர் சம்மதமில்லாமல் மேனேஜரால் புதிய வரி போட முடியாது. 1978-இல் வந்த மாநில அரசியல் சாசனத் திருத்தம் அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஆனால் தண்ணீர், சாக்கடைக் கட்டணமெல்லாம் வரி அல்ல, அவற்றை ஏற்றலாம். இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. நகராட்சி ஒரு வழக்கில் தோற்றுப் பணம் கட்ட வேண்டி வந்தால், அந்தத் தொகையை மக்களைக் கேட்காமலே சொத்து வரி பில்லில் ஏற்ற வழி உண்டு. அதனால் ஊர் மீது என்னென்ன வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்று விசாரித்து வையுங்கள்.

பென்ஷன் விஷயம் கொஞ்சம் சிக்கல். தொழிற்சங்க ஒப்பந்தத்தை மாற்றவும் ரத்து செய்யவும் மேனேஜருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே மருத்துவக் காப்பீட்டில் ஊழியர் கட்டும் பங்கு, லீவு, இனிமேல் சேரப்போகும் பென்ஷன் எல்லாவற்றிலும் கை வைக்கலாம். இதுவரை சேர்ந்த பென்ஷனை மாநில அரசியல் சாசனம் காக்கிறது, ஊர் திவால் நீதிமன்றம் போகாதவரை. டெட்ராய்ட்டுக்கு கெவின் ஓர் என்ற வக்கீல் 2013 மார்ச்சில் மேனேஜராக வந்தார். ஜூலை 18 அன்று, சுமார் 1,800 கோடி டாலர் கடனைக் காட்டி, ஆளுநர் அனுமதியோடு திவால் மனு போட்டார். மத்திய திவால் சட்டத்தின் முன் மாநிலப் பாதுகாப்பு நிற்காது என்று நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸ் அந்த டிசம்பரில் தீர்ப்பளித்தார். கடைசியில், நகரத்துக்குச் சொந்தமான ஓவியங்களை விற்காமல் காப்பதற்காக அறக்கட்டளைகளும் மாநிலமும் டெட்ராய்ட் கலைக்கூடமும் சேர்ந்து பணம் போட்டதால் அடி குறைந்தது. போலீஸ், தீயணைப்புத் துறையினருக்கு மாத பென்ஷன் குறையவில்லை. மற்ற ஊழியர்களுக்கு 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிக்கேற்ற ஆண்டு உயர்வும் போச்சு. உங்கள் சிறிய ஊருக்கு விலைமதிப்பற்ற ஓவியங்கள் இருக்காது, காப்பாற்ற அறக்கட்டளைகளும் வரிசையில் நிற்காது.

என்னைக் கேட்டால், வரியைவிடக் குழாயைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன். இதே மிச்சிகனில் ஃப்ளின்ட் நகரில் மேனேஜர்கள் ஆட்சி நடந்தபோது, செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை விட்டு ஃப்ளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் தொழிற்சாலை, பாகங்கள் அரிக்கின்றன என்று அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. இரும்பை அரித்த தண்ணீரைத்தான் ஊரில் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். 2015 மார்ச்சில் பழைய தண்ணீருக்கே திரும்பலாம் என்று கவுன்சில் 7-க்கு 1 என வாக்களித்தது. அப்போதைய மேனேஜர் அதை ஏற்கவில்லை. தண்ணீர் மாறியது அந்த அக்டோபரில்தான். அதற்குள் குழாய்களிலிருந்த ஈயம் தண்ணீரில் கலந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கணக்கு பார்த்தவர் கணக்கில் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், 'வேண்டாம்' என்று சொல்லி நிறுத்த ஊருக்குள் ஒருவருக்கும் அதிகாரமில்லை என்பதுதான் சிக்கல்.

நீங்கள் செய்யக்கூடியது இல்லாமலில்லை. ஒப்பந்த ரத்து, சொத்து விற்பனை போன்றவற்றை மேனேஜர் முதலில் கவுன்சில் முன் வைக்க வேண்டும். அவர்கள் 10 நாளுக்குள் மறுத்து, அடுத்த 7 நாளுக்குள் அதே அளவு பணம் மிச்சமாகும் மாற்றுத் திட்டம் கொடுத்தால், எது நடக்கும் என்பதை மாநிலக் கடன் வாரியம் தீர்மானிக்கும். வெறும் எதிர்ப்புக்கு அங்கே மதிப்பில்லை, எண்கள் வேண்டும். உங்கள் மனைவிக்குத் தெரிந்த கணக்கு அப்போது உதவும். 18 மாதம் கழிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் கவுன்சில் மேனேஜரை வீட்டுக்கு அனுப்பலாம். டெட்ராய்ட் கவுன்சில் 2014 செப்டம்பரில் அதைத்தான் செய்தது. திவால் வழக்கை மட்டும் கெவின் ஓர் முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதுவரை காத்திருக்காமல், மனைவியை இந்த வாரமே பென்ஷன் வாரியத்திடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்: இன்று வரை எத்தனை வருட சேவை, எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அந்த நிதியில் பற்றாக்குறை எவ்வளவு. அப்புறம், வீட்டுக்கு வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா செம்பா என்று அடித்தளத்தில் மீட்டர் பக்கம் போய் ஒரு நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். மெத்தென்று இருந்து சுரண்டிய இடம் வெள்ளி மாதிரிப் பளபளத்து, காந்தமும் ஒட்டவில்லை என்றால் அது ஈயம்.