சிம்ம ராசிக்கு எந்த நாய்?

வணக்கம்.

நாய் வளர்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. எந்த இனம் வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது ‘உங்கள் ராசிக்கேற்ற நாய்’ என்றொரு பட்டியல் கண்ணில் பட்டது. நான் ஆகஸ்ட் 10 அன்று பிறந்தவள். அதன்படி சிம்மம், எனக்கு சைபீரியன் ஹஸ்கி. கணவர் மீனமாம், அவருக்கு லாப்ரடார். எனக்கு ஜோதிடத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் ‘வெளியே கம்பீரமாக இருப்பீர்கள், உள்ளுக்குள் பாராட்டுக்கு ஏங்குவீர்கள்’ என்று அதில் இருந்தது அப்படியே நான்தான். கணவர் சிரிக்கிறார். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். ஹஸ்கி சரிவருமா? ஜாதகத்தில் என் ராசி விருச்சிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ம.

அன்புள்ள ம.,

போகிறபோக்கில் விருச்சிகம் என்றீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பட்டியலின் கணக்கு மேற்கத்திய ஜோதிடத்தின் சாயன முறை. பிறந்தநாளன்று சூரியன் எந்த வீட்டில் என்பதை மட்டும் பட்டியல் பார்க்கும். நம்மூர்ப் பஞ்சாங்கங்களின் நிராயன முறைக்கும் சாயனத்துக்கும் இன்று சுமார் 24 பாகை வித்தியாசம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் சேர்ந்த இடைவெளி அது. நிராயனக் கணக்கில் ஆகஸ்ட் 10 என்றால் சூரியன் இன்னும் கடகத்தைத் தாண்டவில்லை. ஜாதகத்தில் ராசி என்று எழுதுவதோ சந்திரன் நின்ற வீட்டை. ஆக, ஆள் ஒருவர், ராசி மூன்று. பட்டியலை நம்பினால் மூன்று நாய் வாங்க வேண்டியிருக்கும், அதுவும் மூன்றாவது மாடியில்.

‘அப்படியே நான்தான்’ என்று உங்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு ‘இது உங்கள் குணம் பற்றிய தனிக் குறிப்பு’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதன் வரிகளில் பெரும்பகுதியை அவர் எடுத்தது கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று எழுதிவிட்டால் யாருக்குத்தான் பொருந்தாது? உங்கள் கணவரிடம் சிம்ம ராசிப் பலனை மீனம் என்று சொல்லிப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பு நிற்கிறதா பார்ப்போம்.

இதுவரை சொன்னது பட்டியலின் இடப்பக்கம், அதாவது ராசி. நாய் இனம் இருக்கும் வலப்பக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. லாப்ரடார் என்றால் அன்பானது, ஹஸ்கி என்றால் சுதந்திரமானது, பூடில் என்றால் கெட்டிக்காரி. எனக்கு இதுவும் ராசிபலனாகத்தான் படுகிறது. 2022-ல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டார்கள், 2,155 நாய்களின் மரபணுவை வாசித்தார்கள். நாய்க்கு நாய் நடத்தை வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று தெரிந்தது. இன்று நாம் இனம் என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் உருவம் பார்த்துப் பிரித்தவை. காதும் வாலும் நிறமும் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், குணத்தை நாம் பிற்பாடு ஒட்டவைத்தோம்.

ஆய்வெல்லாம் வேண்டாம் என்றால் ஒரே ஈற்றுக் குட்டிகளைப் போய்ப் பாருங்கள். ஒரே தாய், ஒரே இனம், சில மணி நேர இடைவெளியில் பிறந்தவை, சூரியனும் பெரும்பாலும் சந்திரனும் அதே வீட்டில்தான். பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஒன்று நேரே வந்து செருப்பின் வாரைக் கடிக்கும். ஒன்று பாதி தூரம் வந்து, உங்கள் கையைப் பார்த்து நின்று, திரும்பிப் போகும். இன்னொன்று மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டும். ஒன்று தன்மேல் இரண்டு பேர் ஏறி மிதித்தாலும் தூங்கும். பட்டியலின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்போதே கதை இது. லக்னம் மாறியிருக்கலாமே என்று யாராவது வாதாடக்கூடும். பட்டியல்தான் லக்னமே கேட்கவில்லையே!

இனத்தால் ஒன்றுமே தெரியாது என்று சொல்லவரவில்லை. உடம்பு தெரியும், அது எந்த வேலைக்காக வளர்க்கப்பட்டது என்பதும் தெரியும். ஹஸ்கி சைபீரியாவின் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்தது, நெடுந்தூரம் ஓடப் பிறந்தது. இரட்டை ரோமம். ஆண்டுக்கு இரண்டு முறை அடிரோமம் கொத்துக் கொத்தாகக் கழன்று சோபா, உடுப்பு, படுக்கை எங்கும் ஏறும். வெயில் ஆகாது. தனியாக விட்டால் ஊளையிடுவதற்கும் பேர்போனது, கீழ்வீட்டுக்காரர்கள் என்ன ராசியாக இருந்தாலும் அவர்களுக்குக் கேட்கும். லாப்ரடாரைப் பொறுத்தவரை, நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காமல் செய்யும் ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். கணவர் நிஜமாகவே மீன ராசிக் கருணை உள்ளவர் என்றால் அது உருண்டுவிடும்.

கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஹஸ்கி வேண்டாம். சொல்லப்போனால் இப்போதைக்கு எந்த நாயும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பிறந்த தேதி அல்ல, அந்த எட்டரையும் ஆறரையும்தான். பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும் நாய், எந்த இனமானாலும், கதவைப் பிறாண்டும், இல்லாவிட்டால் சோர்ந்து கிடக்கும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருப்பது அதற்கு எவ்வளவு அவஸ்தை என்று நினைத்துப் பாருங்கள். நடுப்பகலில் ஒருவர் வந்து வெளியே கூட்டிப்போக முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

அது அமைந்தபிறகு ஒரு காப்பகத்துக்குப் போங்கள். குட்டி வேண்டாம், இரண்டு மூன்று வயது தாண்டிய நாயாகப் பாருங்கள். அதன் குணம் இனிமேல் தெரியவேண்டியதில்லை, கண்ணெதிரே இருக்கும். பராமரிப்பவரிடம் இனத்தைக் கேட்பதைவிட, தனியாக விட்டால் என்ன செய்கிறது, மாடிப்படி ஏறுமா, சத்தத்துக்கு மிரளுமா என்று கேளுங்கள். வேறு வேறு வேளையில் இரண்டு மூன்று முறை போய் நடத்திப் பாருங்கள். கணவரையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். விடியற்காலையில் எழுந்து அதை நடத்திப்போகப்போவது யார் என்பது அங்கேயே முடிவாகிவிடட்டும்.