வட்டு பெரிதாகிவிட்டது, இடம் மட்டும் கூடவில்லை: கேள்வி-பதில்

மெய்நிகர் சர்வரின் வட்டை விரிவாக்கிய பிறகு வரும் சிக்கல்கள் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விஎம்வேரில் இயங்கும் எங்கள் லினக்ஸ் சர்வரின் வட்டை 40 ஜிபியிலிருந்து 100 ஜிபியாக மாற்றினேன். டிஎஃப் கட்டளை இன்னும் பழைய அளவையே காட்டுகிறது. இரண்டு முறை ரீபூட் செய்தும் பயனில்லை. எங்கே தவறு?

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை; வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். வட்டுக்கும் கோப்புகளுக்கும் இடையே பல அடுக்குகள் உள்ளன: ஹைப்பர்வைசர் (மெய்நிகர் சர்வர்களை இயக்கும் விஎம்வேர் போன்ற மென்பொருள்) கொடுக்கும் வட்டு, அதைக் கர்னல் (இயக்க முறைமையின் மையப்பகுதி) அறிந்திருக்கும் அளவு, பார்ட்டிஷன் அட்டவணை (வட்டின் பிரிவுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற பட்டியல்), எல்விஎம் (வட்டு இடத்தைச் சேர்த்துப் பகிர்ந்தளிக்கும் அடுக்கு) இருந்தால் அதன் பிசிக்கல் வால்யூமும் லாஜிக்கல் வால்யூமும், கடைசியாகக் கோப்பு முறைமை. ஒவ்வோர் அடுக்கும் தன் அளவைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. கீழே இருப்பது வளர்ந்துவிட்டது என்பதை மேலே இருப்பதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். டிஎஃப் பேசுவது கடைசி அடுக்கைப் பற்றி மட்டுமே என்பதால், அதை எத்தனை முறை ஓட்டினாலும் அடைப்பு எங்கே என்று தெரியாது.

வட்டுகளையும் பார்ட்டிஷன்களையும் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி மேலிருந்து கீழாகப் படியுங்கள். எந்த வரியில் பழைய எண் முதலில் தென்படுகிறதோ, அங்கேதான் வேலை. எஸ்டிஏ (வட்டின் பெயர்) வரியிலேயே 40ஜி என்று இருந்தால் கர்னலுக்குச் சேதி போகவில்லை. இயங்கும் நிலையிலேயே அந்த வட்டின் ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுதினால் போதும், ரீபூட் தேவையில்லை. ரீபூட் செய்த பிறகும் 40 என்றே இருந்தால் ஹைப்பர்வைசரைத்தான் சந்தேகிக்க வேண்டும்: விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்நேர நிலையின் பதிவு) இருக்கும்வரை வட்டை விரிவாக்க முடியாது.

எஸ்டிஏ 100ஜி, அதன் கீழே எஸ்டிஏ3 (அதன் மூன்றாவது பார்ட்டிஷன்) மட்டும் 39ஜி என்று இருந்தால், பார்ட்டிஷனை நீட்டும் குரோபார்ட் கட்டளையை வட்டின் பெயரும் பார்ட்டிஷன் எண்ணும் கொடுத்து ஓட்டுங்கள். வட்டின் பெயருக்கும் 3 என்ற எண்ணுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எல்விஎம் இருந்தால், அடுத்து பிசிக்கல் வால்யூமுக்கு பிவிரீசைஸ், அதன்பின் லாஜிக்கல் வால்யூமுக்கு எல்விஎக்ஸ்டெண்ட். எல்விஎக்ஸ்டெண்டுடன் ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் கோப்பு முறைமையையும் அதுவே வளர்த்துவிடும். அதைச் சேர்க்காமல் கையால் செய்வதானால், எக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமைக்கு ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையில் வால்யூமின் பெயரையும், எக்ஸ்எஃப்எஸ்-க்கு எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கட்டளையில் மவுண்ட் செய்த இடத்தையும் தர வேண்டும். இரண்டையும் மவுண்ட் நிலையிலேயே வளர்க்கலாம்.

கேள்வி: குரோபார்ட் ஓட்டினால் தற்காலிக அடைவை உருவாக்க முடியவில்லை, இடமில்லை என்கிறது. இடம் இல்லாததால்தானே வட்டையே பெரிதாக்கினேன்!

கோபம் நியாயமானதே. குரோபார்ட் தன் வேலைக்கு டெம்ப் அடைவில் சிறிது இடம் கேட்கிறது. ரூட் (முதன்மைக் கோப்பு முறைமை) நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் அதுவும் கிடைப்பதில்லை. 10 எம்பி அளவில் ஒரு டெம்ப்எஃப்எஸ்-ஐ டெம்ப் அடைவின் மீது மவுண்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அந்த இடம் நினைவகத்திலிருந்து வரும். வேலை முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிடலாம். இதற்காக லாக் கோப்புகளை அவசரமாக அழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய சர்வர், குரோபார்ட் இல்லை. பார்ட்டிஷன் அட்டவணையைத் திருத்தும் எஃப்டிஸ்கில் பார்ட்டிஷனை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கச் சொல்கிறார்கள். தரவு போய்விடாதா?

ஒரு நிபந்தனை காப்பாற்றப்பட்டால் போகாது. பார்ட்டிஷனை நீக்குவது என்பது அட்டவணையிலிருந்து ஒரு பதிவை நீக்குவதே தவிர, அது சுட்டிய செக்டர்களை (தரவு இருக்கும் வட்டின் சிறு அலகுகளை) தொடுவது அல்ல. அதே தொடக்கச் செக்டரில், முன்பைவிடத் தள்ளிய முடிவுடன் மறுபடி எழுதினால் கோப்பு முறைமை இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தத் தொடக்கம் ஒரு செக்டர் பிசகினாலும் கர்னலுக்கு அங்கே எதுவும் தெரியாது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சென்டோஸ் 5 என்ற பழைய லினக்ஸ் காலத்துச் சர்வர் ஒன்றைப் புதிய மீட்புக் குறுவட்டில் பூட் செய்து பார்ட்டிஷனை நீக்கினேன். புதிதாக உருவாக்கும்போது எஃப்டிஸ்க் 2048 என்று பரிந்துரைக்க, யோசிக்காமல் என்டரைத் தட்டினேன். அக்காலத்து நிறுவிகள் முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும் வழக்கம் நினைவுக்கு வந்தது, மவுண்ட் தோல்வியடைந்த பிறகுதான். மறுபடி நீக்கி, 63 என்று கொடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. இடையே போன அந்தப் பத்து நிமிடம் இன்றும் மறக்கவில்லை. ஆகவே அட்டவணையைத் தொடும் முன் எஸ்எஃப்டிஸ்கின் டம்ப் வெளியீட்டை (அட்டவணையின் உரை நகல்) வேறொரு கணினியில் சேமித்து வையுங்கள். பத்து வரிகூட இருக்காது. அதேபோல, பார்ட்டிஷனில் எக்ஸ்டி4 அல்லது எல்விஎம் கையொப்பம் இருக்கிறது, நீக்கவா என்று புதிய எஃப்டிஸ்க் கேட்கும். பதில் கண்டிப்பாக "என்" (நோ, வேண்டாம்) தான்.

ஸ்னாப்ஷாட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹைப்பர்வைசரில் வட்டை நீட்டுவது ஆபத்தில்லாத படி, அட்டவணையைத் திருத்துவதுதான் ஆபத்தான படி என்பதால், முதலில் நீட்டிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஸ்னாப்ஷாட் எடுப்பதே சரியான வரிசை. வேலை முடிந்ததும் அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃப்ரீபிஎஸ்டி சர்வரில் வட்டைப் பெரிதாக்கியதும் பார்ட்டிஷன்களைக் காட்டும் ஜிபார்ட் ஷோ கட்டளை "கரப்ட்" என்கிறது. பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டுமா?

வேண்டாம். ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை தன் நகல் ஒன்றை வட்டின் கடைசிச் செக்டரில் வைத்துக்கொள்கிறது. 40 ஜிபி வட்டில் அது 83886079-ஆவது செக்டர். வட்டு 100 ஜிபியானதும் கடைசிச் செக்டர் 209715199 ஆகிவிட, நகல் நடுவழியில் நிற்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்பதையே அந்தச் சொல் குறிக்கிறது; சொல்தான் பயமுறுத்துகிறது, தரவுக்கு ஒன்றும் இல்லை. "ஜிபார்ட் ரெக்கவர் டிஏ0" (டிஏ0 என்பது வட்டின் பெயர்) என்றால் நகல் புதிய முடிவுக்குப் போய்விடும். லினக்ஸ் எஃப்டிஸ்க் இதே நிலையில் இந்த இரண்டு எண்களையும் அருகருகே காட்டி எச்சரிக்கும்.

உங்களுக்கு உண்மையான தடை அடுத்த படியில்தான் வரும். யுஎஃப்எஸ் என்ற ஃப்ரீபிஎஸ்டி கோப்பு முறைமையில் நிறுவியின் தானியங்கி முறையை ஏற்றிருந்தால், பெரும்பாலும் ரூட்டுக்குப் பின்னால் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டுப் பகுதி) உட்கார்ந்திருக்கும். காலி இடமோ ஸ்வாப்புக்கு அப்பால் இருக்கும். பார்ட்டிஷன் தனக்கு ஒட்டியுள்ள இடத்தில் மட்டுமே வளர முடியும். எனவே ஸ்வாப்பை அணைத்து, அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, ரூட்டை 96 ஜிபி வரை நீட்டி, எஞ்சிய இடத்தில் ஸ்வாப்பை மறுபடி உருவாக்கி, இறுதியாகக் கோப்பு முறைமையை வளர்க்கும் குரோஎஃப்எஸ் ஓட்ட வேண்டும். புதிய ஸ்வாப்புக்கு அதே எண் கிடைத்தால் எஃப்எஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டியவற்றின் பட்டியல்) மாற்றம் எதுவும் தேவையில்லை. மவுண்ட் ஆகியிருக்கும் ரூட்டின் அட்டவணையைத் திருத்துவதைவிட லைவ் குறுவட்டில் பூட் செய்து திருத்துவதே நல்லது என்று ஃப்ரீபிஎஸ்டி கையேடு சொல்கிறது. நானும் அந்தப் பக்கமே.

கேள்வி: இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் பூலில் (வட்டுகளின் தொகுப்பு), இன்னும் சேர்க்கப்படாத இடத்தைக் காட்டும் எக்ஸ்பாண்ட்எஸ்இசட் பத்தியில் 60ஜி என்று நிற்கிறது. பூல் வளரவில்லை.

ஆட்டோஎக்ஸ்பாண்ட் என்ற பண்பு இயல்பாகவே ஆஃப் நிலையில் இருக்கும். "இசட்பூல் ஆன்லைன்" கட்டளையை இ விருப்பத்துடன், பூலின் பெயரும் பார்ட்டிஷனின் பெயரும் கொடுத்து ஓட்டினால் அந்த 60 ஜிபி உடனே சேர்ந்துவிடும்.

கேள்வி: வட்டு 3 டிபி. பார்ட்டிஷன் 2 டிபிக்கு மேல் போக மறுக்கிறது.

உங்கள் பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆர் என்ற பழைய வகை. அது செக்டர் எண்களை 32 பிட்டில் எழுதுகிறது. 512 பைட் செக்டர் என்றால் 2 டிபியுடன் கணக்கு முடிந்துவிடும். ஜிபிடிக்கு மாற்றலாம்தான், ஆனால் அது பூட் வட்டாக இருந்தால் பூட்லோடருக்கும் தனி இடம் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்விஎம் இருக்கிறதென்றால் நான் அந்த வம்புக்கே போகமாட்டேன்: இன்னொரு மெய்நிகர் வட்டைச் சேர்த்து, விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் அதே வால்யூம் குழுவில் இணைத்துவிடுவேன்.

கேள்வி: தவறுதலாக 500 ஜிபி கொடுத்துவிட்டேன். 100 ஜிபிக்குக் குறைக்க முடியுமா?

வளர்க்கும்போது கீழ் அடுக்கிலிருந்து தொடங்கினோம். குறைப்பதானால் மேலே உள்ள கோப்பு முறைமையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். ஹைப்பர்வைசரில் முதலில் கத்தரித்தால், வட்டின் வால்பகுதியில் இருந்தது எதுவாயினும் போய்விடும். க்யூஎமு-இமேஜ் கட்டளை ஷ்ரிங்க் என்று வெளிப்படையாகக் கேட்டால் ஒழியக் குறைக்க மறுப்பது இதனால்தான். எக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்து குறைக்கலாம். எக்ஸ்எஃப்எஸ்-ஐ நடைமுறையில் குறைக்க முடியாது என்றே கொள்ளுங்கள். 100 ஜிபியில் புதிய வட்டு ஒன்றைச் சேர்த்து, ஆர்சிங்க் மூலம் நகலெடுத்து, பூட்லோடரை நிறுவி மாறிக்கொள்வதே பாதுகாப்பானது. அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: வட்டு தின் வகையாக (எழுத எழுத மட்டும் இடம் பிடிக்கும் வகை) இருந்தால், எழுதப்படாத 400 ஜிபி ஹோஸ்டில் இடம் எதையும் பிடித்திருக்காது. எழுதி அழித்த இடத்தையும் எஃப்எஸ்ட்ரிம் மூலம் திருப்பிக் கொடுக்கலாம், ஹைப்பர்வைசரும் வட்டு அமைப்பும் அதை ஏற்குமானால். அப்படியென்றால் குறைக்கும் வேலையே உங்களுக்கு இல்லை.