வாசகர் கேள்வி – பதில்: சாமான்களைக் கிடங்கில் வைக்கும் முன்

கேள்வி: கணவரின் பணி நிமித்தம் இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருக்கப்போகிறோம். சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மாத வாடகைக்குக் கிடைக்கும் ஸ்டோரேஜ் அறையில் சாமான்களைப் போட்டுவைக்கத் தீர்மானித்திருக்கிறோம். பேக்கர்ஸ் ஆட்களே வந்து கட்டிக்கொடுப்பார்களாம். நாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: நிறைய உண்டு. லாரியில் போகும்போது எதுவும் உடைந்துவிடக் கூடாது என்பதே அந்த ஆட்களின் கவலை. அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் உங்கள் சாமான்கள் லாரியில் இருக்கப்போவது சில மணி நேரம்தான். அதன்பின் பூட்டிய அறைக்குள் இரண்டு வடகிழக்குப் பருவமழையைக் கடந்தாக வேண்டும். ஆகவே உடைவதைவிட ஈரத்துக்குத்தான் நீங்கள் அதிகம் அஞ்ச வேண்டும். மெத்தையையும் சோபாவையும் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றி அப்படியே விட்டுவிட்டால், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணம் பிடித்துவிடும். கிடங்கில் இறக்கியதும் அந்தத் தாளைப் பிரித்துவிட்டு, பழைய பருத்தி விரிப்பால் போர்த்தச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜை ஒரு நாள் முன்னதாகவே அணைத்து, பனி முழுவதும் உருகியபின் உட்புறத்தையும், கதவு ஓரத்து ரப்பர் மடிப்புகளையும், பின்புறம் நீர் சேரும் தட்டையும் துடைத்து உலரவிட வேண்டும். அறையில் வைக்கும்போது கதவு முழுவதும் மூடிக்கொள்ளாதபடி இடையில் மடித்த துணியொன்றைச் செருகுங்கள். முன்புறம் கதவுள்ள வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது கழற்றிய டிரான்சிட் போல்ட்டுகளை (பயணத்தில் உள் டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்பவை) தேடியெடுத்து மறுபடி முடுக்க வேண்டும். குழாயிலும் வடிகட்டியிலும் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். கிரைண்டரின் குழவியைத் தனியாக எடுத்துக் கட்டுவது நல்லது. குக்கரின் கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தபடி வையுங்கள். ரிமோட், சுவர்க் கடிகாரம், எடை பார்க்கும் கருவி ஆகியவற்றின் பேட்டரிகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். அவை கசிந்தால் உள்ளிருக்கும் தகடுகளை அரித்துவிடும்.

பெட்டிகளை வெறுந்தரையில் வைக்காமல் மரப்பலகைகளின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். புத்தகங்களுக்குச் சிறிய பெட்டியே போதும். பெரியதில் நிரப்பினால் தூக்கும்போதே அடி கழன்றுவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளிருப்பதன் பட்டியலைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் எண்ணை மட்டும் எழுதினால் போதும்; ‘வெள்ளிச் சாமான்’ என்று எழுதி ஊருக்கு அறிவிக்க வேண்டாம். உண்மையில் வெள்ளியும் நகையும் பத்திரங்களும் போக வேண்டிய இடம் வங்கி லாக்கர்தான்.

கேள்வி: பட்டுப் புடவைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் இப்படி நெடுநாள் வைக்கலாமா? (வாசகி, மதுரை)

பதில்: உறவினர் வீட்டு பீரோவில் இடம் கிடைக்குமானால் புடவைகளை அங்கே கொடுத்துவிடுங்கள்; நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே பட்டு நைந்துபோகும், ஆகையால் அவ்வப்போது பிரித்து மாற்றி மடிக்க ஆள் வேண்டும். வேறு வழியில்லையென்றால், கடைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து, ஜரிகை உட்புறம் இருக்குமாறு மடித்து, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை புடவையின் மேல் நேரடியாகப் படக் கூடாது, ஜரிகை கறுத்துவிடும். ஒரு துணி முடிப்பில் வசம்பைக் கட்டிப் பெட்டியின் மூலையில் போட்டாலும் பூச்சி அண்டாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் வழக்கம்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தபின், புளிப்பு சற்றும் தங்காதபடி நன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம்; அது ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தில் திட்டுத்திட்டாகக் கறை ஏற்றிவிடும்.

கேள்வி: கிடங்குக்கு எவற்றைக் கொண்டுபோகக் கூடாது? (வாசகர், கோவை)

பதில்: முதலாவது கேஸ் சிலிண்டர். அதையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள். திரும்பிவந்து மீண்டும் இணைப்புப் பெறும்போது அது உதவும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறாமல் இரண்டு ஆண்டு கிடந்தால் பயனற்றுப் போகும், அதில் அமிலமும் இருக்கிறது. அதைக் கடையில் விலைக்குக் கொடுத்துவிடலாம். பெயின்ட், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவையும் ஆகாது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் என எதையும் விட்டுவைக்காதீர்கள். அஞ்சறைப்பெட்டியைக்கூடக் கழுவிக் காயவைத்தே கட்ட வேண்டும். ஓரத்தில் ஒட்டிய பருப்புத்தூள் போதும், வண்டு வந்துவிடும். இலவம்பஞ்சு மெத்தைக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பதைவிட, யாருக்காவது கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததும் புதிதாகத் தைத்துக்கொள்வது மேல்.

கேள்வி: நாங்கள் ஊரில் இல்லாதபோது என் தம்பி அறையைத் திறந்து பார்க்க முடியுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: அவருடைய பெயரையும் அடையாள அட்டை நகலையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள், பின்னால் வெளிநாட்டிலிருந்து கடிதம் அனுப்பி அனுமதி பெறுவது பெரும்பாடு. கையெழுத்திடும் முன், காப்பீடு எந்தெந்தச் சேதங்களுக்குப் பொருந்தும், மழைநீர் புகுந்தால் பொறுப்பு யாருடையது, வாடகை தவறினால் என்ன செய்வார்கள் என்பவற்றை வரிவரியாகப் படியுங்கள். மழை ஓய்ந்த தை மாதத்தில் தம்பி ஒருமுறை போய் அறையைத் திறந்து, தரையோரப் பெட்டிகளின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, கரையான் மண் தெரிகிறதா என்று கவனித்துவிட்டு வரட்டும்.