தோல் சீவுவதா, விடுவதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காய்கறிகளின் சத்து முழுவதும் தோலில்தான் இருக்கிறது, சீவினால் வெறும் சக்கையைத்தான் தின்கிறோம் என்று என் நாத்தனார் சொல்கிறார். எல்லாக் காய்களையும் தோலுடனேயே சமைத்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வதில் பாதி சரி. தோலில் நார்ச்சத்து அடர்த்தியாக இருக்கிறது. கத்திரிக்காயின் ஊதா நிறத்துக்குக் காரணமான பொருள்களும் தோலில்தான் உள்ளன. ஆயினும், உருளைக்கிழங்கிலுள்ள வைட்டமின் சி, பொட்டாசியம் ஆகியவற்றின் பெரும்பங்கு சதைப்பகுதியில் இருப்பதால், சீவிய கிழங்கைச் சக்கை என்று தள்ளிவிட முடியாது. தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டும்போதுதான் சத்து அதிகம் வீணாகிறது. முழுக் கிழங்காகத் தோலுடன் வேகவைத்துப் பிறகு உரித்தால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

எனவே, எல்லாக் காய்க்கும் ஒரே விதி வைத்துக்கொள்ளாமல், கையில் இருக்கும் காயைப் பார்த்து முடிவு செய்வதே முறை. கேரட்டும் பிஞ்சு முள்ளங்கியும் மண் போகத் தேய்த்துக் கழுவினாலே போதும். சுரைக்காயில் நகம் எளிதாக இறங்கினால் தோலுடன் கூட்டு வைக்கலாம். நகம் இறங்காவிட்டால் சீவித்தான் ஆகவேண்டும். சுரை, வெள்ளரி, பீர்க்கு ஆகியவற்றை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடுமையாகக் கசக்கும் சுரைக்காயில் இருக்கும் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள், தோலைச் சீவினாலும் வேகவைத்தாலும் போகாது. அத்தகைய காயை முழுவதுமாக எறிந்துவிட வேண்டும்.

தோலைக் கட்டாயம் நீக்கவேண்டியவையும் உண்டு. வெளிச்சம் பட்டுப் பச்சை படர்ந்த உருளைக்கிழங்கின் தோலிலும் முளைகளிலும் சோலனின் என்ற நச்சுப்பொருள் கூடியிருக்கும். சமையல் சூட்டில் அது அழிவதில்லை. பச்சை சிறிதளவே இருந்தால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எடுத்துவிடலாம். கிழங்கு முழுவதும் பரவியிருந்தால் வேண்டவே வேண்டாம். மரவள்ளிக் கிழங்கில் சயனைடை வெளிவிடும் பொருள் சதையைவிடத் தோலில் அதிகம். உள்தோல்வரை உரித்து, திறந்த பாத்திரத்தில் நீர் நிறைய விட்டு வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். உரித்த பச்சைத் தோலை ஆடு மாடுகளுக்குப் போடக் கூடாது. அவற்றுக்கும் அது நஞ்சு. நாமக்கல், சேலம் பகுதி விவசாயிகள் நன்கு அறிந்த இச்செய்தி, கடையில் கிழங்கு வாங்கும் நகரத்தாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: பூச்சிமருந்துக்குப் பயந்து எல்லாவற்றையும் சீவிவிடுகிறேன். கழுவினாலே போய்விடாதா?
– வாசகர், மதுரை

பதில்: தோலின் மேல் படிந்திருக்கும் மருந்தில் ஒரு பகுதி, ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவும்போது போய்விடும். வேர் வழியாகவோ இலை வழியாகவோ செடிக்குள் ஏறிவிட்ட மருந்து கழுவினாலும் போகாது, சீவினாலும் முழுமையாகப் போகாது. ஆகவே, மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் வெள்ளரிக்காயைச் சீவிவிடுங்கள். மற்றவற்றை நறுக்குவதற்கு முன்பே கழுவுங்கள். நறுக்கியபின் கழுவினால் சத்துதான் நீரோடு போகும். பாத்திரம் துலக்கும் சோப்பைக் காய்கறியில் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்தால் நறநறவென்று இருக்கிறது, பச்சை வாசனையும் போவதில்லை. வேறு எந்தத் தோல்களைச் சமைக்கலாம்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: துவையலுக்கு இளங்காயின் தோல்தான் ஏற்றது. முற்றிய காயின் விளிம்பு நரம்புகளை எவ்வளவு வதக்கினாலும் மசியாது. அவற்றை முதலில் தனியே சீவி ஒதுக்கிவிட்டு, இடையிலுள்ள பச்சைத் தோலை மட்டும் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் ஆகியவற்றைச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே வாணலியில் தோலைப் போட்டுச் சிறு தீயில் வதக்குங்கள். தோல் சுருங்கி, ஈரம் வற்றி, பளிச்சென்ற பச்சை மங்கும்வரை பொறுத்திருப்பது அவசியம். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். ஆறியபின் புளி, உப்பு, சிறிது தேங்காய் சேர்த்துத் தோலை முதலில் அரைத்து, பருப்பைக் கடைசியாகச் சேர்த்து ஒரு சுற்று சுற்றினால் போதும். சௌசௌ தோலுக்கும் இதே பக்குவம்தான்.

வாழைக்காய்த் தோலைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பொடியாக நறுக்கி, கறுக்காமலிருக்க மோர் கலந்த நீரில் போட்டுவையுங்கள். மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, தேங்காய்த் துருவலுடன் பொரியல் செய்யலாம். கேரளத்தில் இதனுடன் வேகவைத்த பயறு சேர்த்துத் தோரன் செய்கிறார்கள்; அந்தச் சேர்க்கை எனக்கு மிகவும் பிடித்தமானது. தர்ப்பூசணியின் வெளிப்பச்சையை நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைப் பூசணிக்காய்போல் கூட்டு வைக்கலாம்.

கேள்வி: மாடியில் தொட்டிச்செடிகள் வைத்திருக்கிறேன். தோல்களை நேரே செடியின் அடியில் போடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். பச்சைத் தோல் சிறு தொட்டிக்குள் அழுகும்போது சூடு உண்டாகி வேரைத் தாக்கலாம்; எறும்பும் சிறு ஈக்களும் வந்து சேரும். அடியில் துளையிட்ட வாளி ஒன்றில், ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலைச்சருகு அல்லது தென்னைநார்க் கழிவு என்று மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள். மேலடுக்கு எப்போதும் சருகாகவே இருக்கட்டும். தொடக்கத்தில் சிறிது புளித்த மோர் தெளித்தால் மட்குவது விரைவுபடும். துர்நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டிக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. இரண்டு மூன்று மாதங்களில் மண்வாசனையுடன் கறுப்பாக உதிர்ந்தால், சலித்துத் தொட்டிமண்ணில் நான்கில் ஒரு பங்கு கலக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்கள் மட்க நாளாகும் என்பதால் அவற்றைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.