மாடல் கிட்டுக்கு எந்த ஸ்ப்ரே, எந்த பிரைமர்? – கேள்வி பதில்

கேள்வி: வண்டிகளுக்குப் பெயின்ட்டுக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் கேன்தான் எளிதாகக் கிடைக்கிறது. அதைப் பிளாஸ்டிக் கிட்டுக்கு, அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் சிறு விமானம், டாங்கி, கார் மாடலுக்கு அடிக்கலாமா?

பதில்: அது கேனுக்குள் இருக்கும் தின்னரைப் பொறுத்தது. கிட்டின் பாகங்கள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். அசிட்டோன், டொலுவீன் மாதிரியானவை அதைக் கரைத்துவிடும். வண்டி பிரைமர் உலோகத்தை மனதில் வைத்துச் செய்தது. சில கேன்களை மெல்லிசாக அடித்தால் ஒன்றும் ஆகாது. சில கேன்கள் முதல் கோட்டிலேயே பரப்பு முழுக்க மெல்லிய வெடிப்புகளைக் கிளப்பிவிடும், அதற்கப்புறம் அந்தப் பாகத்தைத் தேய்த்து மீட்பது பெரும்பாடு. எனவே முதலில் ஸ்ப்ரூவில், அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் அந்தச் சட்டத்தில், அடித்துப் பாருங்கள். ஒரு நாள் விட்டு நகத்தால் கீறுங்கள். உரியாமல், சுருங்காமல் இருந்தால் மேலே போகலாம்.

மாடலுக்கென்றே வருவதில் டமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் இரண்டையும் நம்பி வாங்கலாம். இரண்டுமே லாக்கர், அதாவது வலுவான தின்னரில் கரைந்து சீக்கிரம் காயும் வகை. சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்று எண் இருக்கும். எண் ஏற ஏற நைசு. 500 கீறலை நிரப்பும், கூடவே நுணுக்க வேலைகளையும் மூடிவிடும். 1/35, அதாவது அசலில் 35-ல் ஒரு பங்கு அளவுள்ள டாங்கிக்கு 1000 போதும். 1/144 விமானத்துக்கு 1500 எடுங்கள்.

கேள்வி: டமியா கேனில் டிஎஸ், பிஎஸ் என்று இருக்கிறதே, எது வாங்க?

பதில்: டிஎஸ். பிஎஸ் என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கமாக அடிப்பது. கிட்டில் அடிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, அடித்த பெயின்ட் மணல் ஒட்டினது மாதிரி சொரசொரவென்று வருகிறது. என்ன காரணம்?

பதில்: தூரத்திலிருந்து அடிக்கிறீர்கள். துளிகள் பாகத்தில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகின்றன. 20 முதல் 25 செ.மீ. தூரம் சரியாக இருக்கும். கிட்டப் போனால் வழியும். பாகத்துக்கு வெளியே, காலி இடத்தில் பட்டனை அழுத்தி, நிறுத்தாமல் பாகத்தைக் கடந்து போய், மறுபக்கம் வெளியே வந்தபின் விரலை எடுங்கள். பாகத்துக்கு மேலேயே தொடங்கி மேலேயே நிறுத்தினால் அந்த இரண்டு இடத்திலும் பெயின்ட் குவியும். முதல் கோட் பனி படர்ந்த அளவுக்குத்தான், அடியில் பிளாஸ்டிக் தெரிய வேண்டும். ஈரமாகத் தெரியும் கோட் மூன்றாவதாக வந்தால் போதும்.

கேனை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தால் அழுத்தம் கூடி, துளி நைசாக வரும். நீர் கையால் தாங்குகிற சூடு, 40 டிகிரிக்குள். 50 டிகிரியைத் தாண்டினால் கேன் வெடிக்கக்கூடும். அடுப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது.

கேள்வி: மழை நாளில் அடித்தேன். பளபளப்புக்குப் பதில் வெண்மையாகப் பூத்துவிட்டது.

பதில்: ஈரப்பதம்தான். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றில் உள்ள நீர் அதன்மேல் படிந்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. காற்று உலர்ந்த நாளில் மேலே கிளியர் லாக்கர், அதாவது நிறமில்லாத லாக்கர், ஒரு கோட் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். பளபளப்பைக் குறைக்க அடிக்கும் மேட் கிளியரை ஈரமான நாளில் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் வண்டி பிரைமர் மீதி இருக்கிறது. கிட்டுக்கு ஆகுமா?

பதில்: முதல் பதில். ஸ்ப்ரூவில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாக்கர் பெயின்ட் பிளாஸ்டிக்கைக் கடித்துப் பிடிக்கிறது. அதற்குக் கீழே பிரைமர் வீண். எல்லோரையும் ஏன் அடிக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: பிடிமானம் மட்டும்தான் கணக்கு என்றால் நீங்கள் சொல்வது சரி. டிஎஸ் கேனும் லாக்கர்தான், வெறும் பாலிஸ்டைரீனிலேயே நன்றாகப் பிடிக்கும். ஆனால் நான் பிரைமர் அடிப்பது குறையைப் பார்க்க. விமானத்தின் உடல் இரண்டு பாதியாக வரும். ஒட்டிப் பட்டி வைத்துத் தேய்த்தபின் அந்த இடத்தில் பிளாஸ்டிக் ஒரு நிறம், பட்டி ஒரு நிறம், பசை பட்ட இடம் பளபளப்பு. கண்ணுக்கு எல்லாம் சமமாகத்தான் தெரியும். சாம்பல் பிரைமர் ஒரு கோட் விழுந்ததும், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மூக்கிலிருந்து வால் வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அதை அப்போது 1000 உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்தால் போயிற்று. வெள்ளி பெயின்ட் அடித்தபின் தெரிந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

கேள்வி (அதே நபர்): அந்த வேலையை முதல் பெயின்ட் கோட்டே செய்யும். பிரைமர் பேனல் கோடுகளை, அதாவது பாகத்தின் மேல் செதுக்கியிருக்கும் மெல்லிய தகட்டு இணைப்புக் கோடுகளை, நிரப்புகிறது, அதையும் சொல்லுங்கள்.

பதில்: கனமாக அடித்தால் நிரப்பும், மறுக்கவில்லை. அதற்குத்தான் 1500 சொன்னேன். பெயின்ட் கோட்டிலேயே குறை பார்க்கலாம் என்பதும் ஒரே நிறத்தில் முடியும் சின்ன கிட்டுக்குச் சரிதான். பட்டி வைத்த கிட்டில் சரிவராது. பட்டி பெயின்ட்டை உறிஞ்சி அந்த இடம் மட்டும் மங்கும்.

கேள்வி: நானும் பிரைமர் இல்லாமல்தான் அடிக்கிறேன். தண்ணீர் கலக்கும் அக்ரிலிக். மாஸ்கிங் டேப்பை எடுத்தால் பெயின்ட்டும் கூடவே வருகிறது.

பதில்: இதோ மேலே வாதாடியவருக்கும் சேர்த்து. அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கடிக்காது, மேலே படர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அதற்குக் கீழே லாக்கர் பிரைமர் கட்டாயம். அதற்கும் முன்னால் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அலசிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த பிரைமரும் நிற்காது.

கேள்வி: எனாமல் அடித்த கிட் மேலே லாக்கர் ஸ்ப்ரே?

பதில்: கீழே உள்ள எனாமல், அதாவது மெதுவாகக் காயும் எண்ணெய் வகை பெயின்ட், சுருங்கும். லாக்கர் கீழே, எனாமல் மேலே.

கேள்வி: எவ்வளவு நேரம் காய வேண்டும்?

பதில்: மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடை வந்தால் இன்னும் காயவில்லை.

கேள்வி: துணி மாஸ்க் போட்டு அறைக்குள் அடிக்கலாமா?

பதில்: கூடாது. துணி மாஸ்க்கும் தூசி மாஸ்க்கும் தின்னர் ஆவியைத் தடுக்காது. தின்னர் ஆவியைப் பிடித்துக்கொள்ளும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், காற்று வெளியே போக வழியும் வேண்டும். கேனில் உள்ள வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் சுவாலை இருக்கக் கூடாது.

கேள்வி: எல்லா கடையிலும் கிடைக்கும் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட்...

பதில்: ஸ்ப்ரூவில் அடியுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி: சிவப்பு கார், கருப்பு பிளாஸ்டிக். நான்கு கோட் ஆகியும் மந்தமாகவே இருக்கிறது.

பதில்: சிவப்பும் மஞ்சளும் அடியில் உள்ள நிறத்தை மறைக்கத் திணறும். இன்னும் கோட் ஏற்றினால் பானட் விளிம்பில் பெயின்ட் தடித்துப்போகும், நிறம் எழாது. நன்றாகக் காயவிட்டுத் தேய்த்துச் சமன்படுத்தி, இளஞ்சிவப்பு பிரைமர் அடியுங்கள். டமியாவில் வருகிறது. இல்லையென்றால் வெள்ளை. அப்புறம் கதவு இடுக்கு, பம்பர் அடி, சக்கர வளைவு ஆகியவற்றுக்கு முதலில் சிவப்பு கொடுத்துவிட்டு, கடைசியாக பானட்டுக்கும் கூரைக்கும் வாருங்கள்.